மூச்சென்று நினைத்து வெட்டிய சொல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று இருபது வருடமாக மிதப்பில் திரிந்தவள் நான். போன மாதம் என் அக்கா ஒரு மென்பொருளை எழுதி முடித்தாள். அன்று எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "கணினித் திரையின் நீல வெளிச்சத்தில் அவள் முகம்—"

வேண்டாம். போதுமான முகங்கள் அந்த வெளிச்சத்தில் குளித்தாயிற்று. அக்கா வேலை செய்வது பகலில், ஜன்னலோரம், ஒரு காலை நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு ஊரில் ஒரு மூச்சு இருந்தது." இதைப் படித்துவிட்டு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடித்துவிட்டேன்.

2

நேராகவே வருகிறேன். புத்தகங்களைக் குரலில் வாசித்து வெளியிடும் ஒரு பதிவுக்கூடத்தில் அக்காவுக்கு வேலை. வாசிப்பவரின் இருமல், காகிதச் சரசரப்பு, மூச்சு வாங்கும் சத்தம் எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தம் செய்வாள். மூச்சை நீக்க அவளிடம் ஒரு ப்ளக்இன் இருந்தது. ஒலியைத் தொகுக்கும் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளும் சின்னக் கருவி அது. அதைச் செய்த நிறுவனம் எப்போதோ கடையைக் கட்டிவிட்டது.

அங்கே வாசிப்பவர்களில் மூத்தவரை எல்லோரும் டீச்சர் என்பார்கள். (முதல் வரைவில் அவரைக் கண்கலங்க வைத்திருந்தேன். அவர் கலங்குகிற ஆள் இல்லை. நீக்கிவிட்டேன்.) நுரையீரலில் நோய் வந்து தேறிய பிறகு டீச்சருக்கு மூச்சு நீண்டுவிட்டது. ப்ளக்இன்னோ அரை நொடிக்கு மேற்பட்ட எதையும் தொடாது. பதிவைக் கேட்டால் டீச்சர் மாடிப்படி ஏறிக்கொண்டே வாசிப்பதுபோல இருந்தது.

"இந்தப் புத்தகத்தோட அவங்கள நிறுத்திக்கலாம்," என்றார் முதலாளி.

"வேணாம் சார். மூச்ச நான் பாத்துக்கறேன்," என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது.

3

நிரல் எழுதுகிறவர்கள் எழுதும் வரிகளை மனிதர் படிக்கலாம். நம் கைக்கு வரும்போது அவை இயந்திரம் மட்டுமே படிக்கும் எண்களாகிவிட்டிருக்கும். அக்கா ப்ளக்இன்னுக்குள் இருந்த அந்த எண்களைத் திறந்தாள். லட்சக்கணக்கில் கிடந்தன. அவற்றில் அரை நொடி என்னும் எண் எது? சந்தேகப்பட்டதை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மென்பொருள் பொத்தென்று விழுந்தது. எடுத்த எண்ணின் இடத்தில் அதே அளவு இடம் பிடிக்கும் எண்ணைத்தான் வைக்கலாம். அளவு பிசகினால் எல்லாம் சரிந்துவிடும். பதினோராம் நாள் அரை நொடி ஒன்றரை நொடியானது. டீச்சரின் மூச்சு மாயமாயிற்று.

அக்காவின் கணவர், என் மாமா, ஒரு வங்கிக்கு நிரல் எழுதுகிறவர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னே தெரியாம கைய வச்சிருக்க. ஒழுங்கா ப்ரோக்ராமிங் கத்துக்கயேன்."

"கத்துக்கறதுக்குள்ள டீச்சர் வீட்டுக்குப் போயிடுவாங்க. நீங்க பத்து பேரு சேர்ந்து ஒரு பட்டன் கலர மாத்த மூணு மாசம் ஆகுது. நான் ஒத்த ஆளு, பதினோரு நாள்!"

மாமா கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

(இங்கே கொஞ்சம் கட்டுரை, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். என் முதல் கதை, ஒரு வார இதழில் வந்த கதையில் வக்கீலை டாக்டராக மாற்றி எழுதியது. பள்ளியில் பரிசும் வாங்கினேன். இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதையில் டாக்டர் ஏன் நீதிபதியைக் கண்டு நடுங்குகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.)

4

"அன்று அக்கா தலை நிமிர்ந்து நடந்தாள்" என்று கதையை இங்கே முடித்திருந்தேன். அக்கா படித்தாள்.

"ஏண்டி, மீதிய யாரு எழுதுவா?"

மீதி இது. ஒரு நாள் டீச்சர், தான் வாசித்த நாவலின் வெளியான பதிவைக் கேட்டுவிட்டு அக்காவிடம் வந்தார்.

"ஏழாம் அத்தியாயத்துல அவன் கிளம்புறப்ப அந்தப் பொண்ணு 'போகாதே'ன்னு சொல்லுவா. ரகசியமா, காத்து மாதிரி வாசிச்சேன். அது எங்கேம்மா?"

காணவில்லை. ரகசியக் குரலில் தொண்டை அதிராது, வெறும் காற்றுதான். ப்ளக்இன் அதையும் நீண்ட மூச்சு என்று வெட்டிவிட்டது. அந்த அரை நொடி வரம்பைப் போட்டவர் காரணத்தோடுதான் போட்டிருக்கிறார். இப்போது பதிவில் அவன் கிளம்புகிறான், அவள் சும்மா நிற்கிறாள். கேட்கிறவர்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள்.

அதற்குள் எட்டுப் புத்தகங்கள் வெளியே போயிருந்தன. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அக்கா எட்டையும் அசல் பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டாள். பத்தொன்பது சொற்கள் போயிருந்தன. ஒவ்வொன்றையும் கையால் திரும்ப வைத்தாள். முதலாளியிடம் தானே போய்ச் சொன்னாள். வீட்டுக்கு வந்து மாமாவிடம், "எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள். அதைக் கேட்க அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று கூடப்பிறந்த எனக்குத் தெரியும்.

5

மாமா சிரிக்கவில்லை. (சிரித்தார் என்று எழுதியிருந்தேன். கதைக்கு வசதி, அவருக்கு அநியாயம்.)

அவள் எழுதிய முதல் ப்ளக்இன் ஒலியைப் பாதியாகக் குறைத்தது. அவ்வளவுதான். அதற்கு வீட்டையே கூப்பிட்டுக் காட்டினாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பதினான்கு மாதம் படித்தாள். அத்தனை மாதமும் டீச்சரின் மூச்சுகளைக் கையாலேயே வெட்டினாள். போன மாதம் அவளுடைய சொந்த மூச்சுநீக்கி வேலை செய்தது. சொல்லா மூச்சா என்று சந்தேகம் வந்தால் அது தொடாமல் விட்டுவிடும்.

"அப்ப மாமா சொன்னதுதான் சரியா?" என்று சீண்டினேன்.

"அந்தப் பழச நோண்டாம இருந்திருந்தா, எந்த இடத்துல தப்பாகும்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் எழுது," என்றாள். எழுதிவிட்டேன். அந்தத் திமிரில்தான் எனக்குப் பெருமை.

6

முதலாளி கெடு வைத்தார். கையால் வெட்ட இனி நேரம் கிடையாது. கருவி சுத்தம் செய்யட்டும், இல்லையென்றால் டீச்சருக்குப் பதில் வேறு குரல். ஓர் அத்தியாயத்தை மாதிரிக்கு அனுப்பச் சொன்னார்.

அக்கா எண்ணை மாற்றிவைத்த பழைய கருவியில் அந்த அத்தியாயம் பளிச்சென்று இருந்தது; இரண்டு சொற்கள் இல்லை. அக்காவின் கருவியில் சொற்கள் எல்லாம் இருந்தன. அங்கங்கே டீச்சரின் மூச்சும் இருந்தது.

முடிவு அ: முதலாளி கேட்டு உருகி— (அவரா? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: டீச்சர் பையை எடுத்துக்கொண்டு— (அக்கா அடித்துவிட்டாள்.)

நடந்தது இது. டீச்சர் ஹெட்போனை மாட்டி இரண்டையும் கேட்டார்.

"மூச்சு கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்மா. நான் சொன்னது கேக்கணும்."

"அவரு உங்கள நிறுத்திட்டா?"

"நிறுத்தட்டும். அனுப்பு."

அக்கா தன்னுடையதை அனுப்பினாள்.

முதலாளியின் பதில் இன்று காலை வந்துவிட்டது. எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். எழுதினால் அந்தப் பதிலை வைத்து அவர்கள் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் எடைபோடத் தொடங்கிவிடுவீர்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது அக்காவுக்கும் அந்தப் பதில் தெரியாது. அவள் நின்ற இடத்தில் நீங்களும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.