ஆறிய வண்டியின் அளவு

பன்னிரண்டு மணிக்குள் அம்மாவை மருத்துவமனையிலிருந்து கூட்டி வர வேண்டும். இடுப்பில் அறுவை சிகிச்சை, காலை மடக்கவே கூடாது. கால் நீட்டிப் படுக்கும் நீளத்துக்குப் பின்சீட்டு இருந்தது அப்பா விட்டுப்போன அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரில்தான். "ஆம்புலன்ஸ்ல வந்து எறங்கினா தெருவே கூடி அழும். நம்ம வண்டியிலதான் வருவேன்" என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள், அந்த நிலையிலும். வண்டியோ நேற்று வாசல் மேட்டில் ஏற மாட்டேன் என்று விட்டது. இன்ஜின் மட்டும் கத்தியது, சக்கரம் அசையவில்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த அவள் அதை இரண்டு வருடமாக வாங்கிக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு வாரம் அண்ணனிடம், ஒரு வாரம் தம்பியிடம் என்று ஏற்பாடு. கியர் வழுக்கத் தொடங்கியதும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு, பேச்சே நின்றுபோனது.

"கியர் ஆயில ஊத்தி ஊத்தியே கெடுத்துட்டான்னு அவன்கிட்ட சொல்லு" என்றார் அண்ணன்.

"உறிஞ்சி எடுத்தே கெடுத்தது யாருன்னு அவரையே கேளு" என்றான் தம்பி.

இருவருக்கும் நடுவில் ஒரு பானெட் தூரம்தான்.

"என்னை என்ன தபால் பெட்டின்னு நெனச்சீங்களா? ஆயில் அளவ எப்படிப் பாக்குறீங்கன்னு ஆளுக்கொரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றாள் அவள்.

அண்ணன், அணைத்துக் கிடந்த வண்டியில் கியர் ஆயிலின் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தார். சிவப்பு எண்ணெய் மேல்கோட்டில் நின்றது. "போன வாரம் நான் எடுத்து விட்டதுதான். கச்சிதம்."

தம்பி இன்ஜினைப் போட்டான். உடனே கம்பியை உருவினான். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே. "இதுக்குத்தான் ஊத்துறேன்."

அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வெறும் வயிற்றில் ஒரு சர்க்கரை அளவு, சாப்பிட்ட பிறகு ஒரு சர்க்கரை அளவு என்று தினமும் எழுதுகிறவளுக்குச் சட்டென்று உறைத்தது. டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து வண்டியின் கையேட்டை எடுத்தாள். இன்ஜின் ஓட வேண்டும். வண்டி நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். சமதளத்தில் நிற்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் ஒரு முறை போட்டு, 'பார்க்' கியரில் வைத்து, பிறகுதான் அளக்க வேண்டும். அணைத்து அளந்தால் கூடுதலாகவும், ஆறிய வண்டியில் அளந்தால் குறைவாகவும் காட்டும். அப்பா அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். இருவரில் ஒருவர் ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புத்தகத்தாலேயே இரண்டு பேரையும் ஆளுக்கு ஒன்று போட்டிருப்பாள்.

"ரெண்டு பேரும் தப்பு" என்று மட்டும் சொன்னாள்.

முதலில் கொஞ்சம் ஊற்றினார்கள். வண்டி நகர்ந்தது. அண்ணன் அதைத் தெருவில் சுற்றிச் சூடாக்கிக் கொண்டுவந்து சமதளத்தில் நிறுத்தினார். மணி பத்தே முக்கால். அவர் சீட்டில், தம்பி கம்பியோடு பானெட்டுக்குள். இருவரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"நான் அம்மாவுக்குத் தலகாணி எடுக்கப் போறேன். உங்களுக்குள்ள சொல்லிக்குங்க."

ஜன்னல் வழியே பார்த்தாள். தம்பி துடைத்த கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான், அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். இவர்கள் வீம்புக்கு அம்மா ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பார்க்குல போடுங்க" என்றான் தம்பி, இன்ஜினைப் பார்த்து.

"போட்டாச்சு" என்றார் அண்ணன், ஸ்டியரிங்கைப் பார்த்து.

புனல் வைத்துக் கொஞ்சம் ஊற்றுவதும், கம்பியைத் துடைத்துப் பார்ப்பதுமாக, நான்காவது முறை எண்ணெய் சரியான கோட்டுக்கு வந்தது. வண்டி மேட்டில் முனகாமல் ஏறியது.

திரும்பும்போது அம்மா பின்சீட்டில் கால் நீட்டிக் கிடந்தாள். அவள் கீழே ஒடுங்கி உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் அவர்கள் இருவர்.

"பள்ளத்துல மெதுவாண்ணே. அம்மாவுக்கு வலிக்கும்."

"எனக்கு ஓட்டத் தெரியும்டா."

"தெரிஞ்சுதான் ரெண்டு வருஷமா இன்ஜின அணைச்சுட்டு அளந்தீங்களாக்கும்."

"நீ மட்டும் என்ன, ஆறிக் கெடந்த வண்டிய அளந்தவன்தானே."

குரல் ஏறியது. பழக்க தோஷத்தில் சமாதானம் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் கையை அழுத்தினாள்.

"நீ சும்மா இருடி. அவனுங்க நேருக்கு நேர் பேசி ரெண்டு வருஷமாச்சு."