ஒடுங்கிய திரையில் ஒரு சின்ன r

...கண்ணாடியை மாற்ற வேண்டியது அந்தக் கணக்குப் பேராசிரியர்தான், தேர்வுப் பக்கத்தில் மாற்ற ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள், மணி ஒன்பது இருபது, மேலாளர் அவசரமாகக் கூப்பிட்டு, "பத்து மணிக்குத் தேர்வும்மா, பேராசிரியர் தன் போன்ல மாதிரிக் கேள்வியைத் திறந்து பாத்தாராம், பெரிய Rம் சின்ன rம் ஒரே மாதிரி தெரியுதாம்" என்கிறார், தெரியுதாமே... ஆறு வருஷமாக இணையத்தில் சமன்பாடுகளை அடுக்கி அடுக்கிக் கண் பூத்துப்போனவளிடமா இந்தக் கதை? இதோ அவள் திரையில் பளிச்சென்று இருக்கிறது, R = 5, r = 3 எனில் R² − 2r எவ்வளவு, பெரியது பெரியதாக, சின்னது சின்னதாக, ஒரு குறையுமில்லை. "பத்து நிமிஷத்துல பாத்துச் சொல்றேன் சார்" என்று சொன்னதெல்லாம் ஒரு மரியாதைக்கு.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்கிறது, தங்கை இப்போதே உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது, பத்து மணித் தேர்வுக்கு எட்டரைக்கே குளித்துத் தலைவாரி, போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு... பாவம், முப்பத்து நாலு வயசு, ஆய்வகத்தில் ஏழு வருஷமாகத் தற்காலிக உதவியாளர், இதில் தேறினால்தான் வேலை நிரந்தரம், மூன்று முறைக்குமேல் எழுத முடியாது, இது மூன்றாவது, போன தடவை இரண்டே இரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். அக்கா செய்யும் பக்கத்தில் தங்கை தேர்வு எழுதுகிறாளே என்று யாரும் வாய் திறக்க முடியாது, அலுவலகத்தில் அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள், கேள்விகள் எல்லாம் பூட்டுக்குள், அவள் பார்ப்பது மாதிரிக் கேள்விகளை மட்டும், எழுத்து எப்படித் தெரிய வேண்டும், கோடு எங்கே வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ராஜ்யம், ஆனால் ராஜ்யமென்றால் ராஜ்யம், அவளைக் கேட்காமல் அதில் ஒரு புள்ளி நகராது. காபி ஆறிவிட்டது, இருக்கட்டும்.

சரி, முறையாகவே பார்த்துவிடுவோம், எழுத்துருவா? எழுத்துருவில் சின்ன r இல்லாவிட்டால் வெறும் கட்டம்தான் வரும், பெரிய R எப்படி வரும், ஆக அது இல்லை. சமன்பாட்டை வரையும் நிரலா? போன வாரம்தான் புதுப் பதிப்பு போட்டார்கள், சந்தேகப்பட வேண்டிய ஆள்தான், பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தாள், ம்ஹும், அதே பளிச். தட்டச்சு செய்தவர்கள் தப்பாக அடித்தார்களா? மூலத்தைத் திறந்தால் சின்ன r சின்னதாகவே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, பிறகென்ன, பேராசிரியருக்குப் பிரமையா... இரு இரு, போனில் பார்த்தேன் என்றாரே, போனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், திரைதானே, அகலம்தானே, இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை? திரையில் பக்கத்தின் வலது ஓரத்தைப் பிடித்து இடப்பக்கம் தள்ளினாள், தள்ளினாள், இன்னும் கொஞ்சம், ஒரு அளவுக்குக் கீழே போனதும் சின்ன r சட்டென்று எழுந்து நின்றது. R = 5, R = 3 எனில் R² − 2R எவ்வளவு. அடிப்பாவி! விரித்தால் r, ஒடுக்கினால் R, கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டாயா? பேராசிரியரே, உங்கள் கண்ணுக்கு ஒரு குறையுமில்லை.

அதன்பிறகு எல்லாம் கைப்பழக்கம்தான், பக்கத்தின் தோற்ற விதிகள் இருக்கும் கோப்பைத் திறந்தாள், ஒடுங்கிய திரைக்கான விதிகள் கடைசியில், அதோ இருக்கிறது, கேள்வி வரியில் உள்ள எழுத்தையெல்லாம் பெரிய எழுத்தாகக் காட்டு என்று ஒரே ஒரு வரி. எந்த மகராசன் எழுதினானோ, கேள்வி எண்ணுக்கு முன்னால் வரும் q கொஞ்சம் எடுப்பாகத் தெரியட்டும் என்று எழுதியிருப்பான், தமிழ் எழுத்தில் பெரியது சின்னது என்று ஏது, கேள்வி எப்போதும்போல இருக்கும், யாருக்கும் ஒன்றும் உறைக்காது, ஆனால் அதே வரிக்குள் இருக்கிற சமன்பாட்டை யார் நினைத்துப் பார்த்தது? சமன்பாட்டை மட்டும் தொடாதே என்று இன்னொரு வரி சேர்த்தாள், ஏற்றினாள், உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, நேற்றே பக்கத்தைத் திறந்தவர்களின் போனில் பழைய கோப்பு தங்கியிருக்குமே, கோப்பின் பெயரையே மாற்றிவிட்டால் எல்லாப் போனும் புதிதாக இறக்கிக்கொள்ளும், மாற்றினாள், தன் போனில் பார்த்தாள், சின்ன r சின்னது. மணி ஒன்பது நாற்பத்தொன்று. "சார், முடிஞ்சுது." "அதுக்குள்ளயா! நீங்க இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையே இல்லம்மா." இந்தப் பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் தலை கொஞ்சம் நிமிராது?

யார் எழுதியது என்று ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும், அதற்குத்தான் மாற்றங்களின் பதிவைத் திறந்தாள், அந்த வரிக்கு நேரே அவள் பெயரே இருந்தது. தேதியைப் பார்த்தாள், போன தேர்வுக்குப் பத்து நாள் முன்னால். சரி, எல்லாருக்கும் கை தவறுவதுதான், போன தேர்வு... போன தேர்வு முடிந்த மத்தியானம் தங்கை சமையலறை வாசலில் வந்து நின்று, "ரெண்டு எழுத்தும் ஒண்ணாவே இருந்துச்சு அக்கா" என்றாளே, இவள் என்ன செய்தாள், எழுந்துபோய் இந்தப் பெரிய திரையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, உனக்குத்தான் கேள்வியை ஒழுங்கா படிக்கிற பழக்கமே கிடையாது" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். அவள் போனை வாங்கிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? இரண்டு மதிப்பெண், ஒரு கேள்விக்கு இரண்டு மதிப்பெண்...

எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். தங்கை நிமிர்ந்து பார்த்து, "என்ன அக்கா, தேர்வுப் பக்கத்துல ஏதாவது கோளாறா?" என்றாள், "இல்லடி, போனைக் கொடு" என்று வாங்கி மாதிரிக் கேள்வியைத் திறந்தாள், நல்லவேளை, சின்ன r வந்துவிட்டது. மேசையில் ஒரு கட்டுத் தாள், மாதக்கணக்கில் பழகிய கணக்குகள், எடுத்துப் புரட்டினால்... ஒவ்வொரு கணக்கும் இரண்டு தடவை. ஒரு Rஐச் சுற்றி வட்டம், இன்னொரு Rக்குக் கீழே புள்ளி, அப்படி ஒரு தடவை, வட்டத்தையும் புள்ளியையும் மாற்றிப் போட்டு இன்னொரு தடவை, 19 ஒரு பக்கம், −1 ஒரு பக்கம். "எதுக்குடி எல்லாத்தையும் ரெண்டு தடவை போட்டிருக்கே?" "எந்த R எதுன்னு தெரியாதில்ல, ரெண்டு விதமாவும் போட்டு, கொடுத்திருக்கிற விடைகள்ல எது பொருந்துதோ அதை எழுதுவேன்." "அதையும் அதே நேரத்துக்குள்ளயா?" "கொஞ்சம் வேகமா போட்டா முடிஞ்சிடும்." கணக்கு வராது, கணக்கு வராது என்று வீடே சொல்லிக்கொண்டிருந்த பெண்!

"எங்கிட்ட மறுபடியும் சொல்லியிருக்கலாமேடி..." "சொன்னேனே அக்கா, நீ பாத்துட்டு சரியா இருக்குன்னு சொன்னே, அப்புறம் கணக்குன்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்." குரலில் குத்தல் இல்லை, குறை இல்லை, ஒன்றுமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இல்லடி, அது என் தப்பு, நான் எழுதின வரி, போன தடவையும் அதுதான்..." "இப்ப வேண்டாம் அக்கா, நாலு நிமிஷம்தான் இருக்கு" என்று தங்கை போனை வாங்கி டம்ளரில் சாய்த்துவிட்டு, திரையை உற்றுப் பார்த்தாள், "ஏ, இது இப்ப சின்னதா தெரியுதே! அப்ப இனிமே ஒரு தடவை போட்டா போதுமா?" என்று கேட்டாள், இவளைத்தான், இப்போதும் இவளைத்தான். "போதும்டி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றாள், உள்ளே பேனா ஓடத் தொடங்கியது, தேறிவிடுவாள், இந்தத் தடவை நிச்சயம் தேறிவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் உனக்குப் பாட்டு வராது என்று சொன்னது யார், உன்னால் தனியாக வண்டி ஓட்ட முடியாது என்றது, அந்த நிறம் உனக்கு ஒத்துவராது என்றது, போகிற போக்கில் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாள், இந்த முப்பத்து நாலு வருஷத்தில் தங்கை ஒன்றையாவது மறுத்துப் பேசினாளா என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.