வேங்கைமாறன் செத்த விதம்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். ரிஷிவந்தியம் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸே வரவில்லை. சென்னை காலேஜுக்குத் திரும்ப முடியாத அன்சர், ஹாஸ்டலில் பழகிய ஒரு விளையாட்டை அவன் அண்ணன் சாதுல்லாவின் ஜவுளிக்கடையில், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவன் கதை சொல்வான். நாங்கள் கதைக்குள் ஆளாகி, என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். மிச்சத்தைத் தாயக்கட்டை பார்த்துக்கொள்ளும்.

நான் வேங்கைமாறன் என்ற மாவீரன். உரக்கடையில் தினமும் திட்டு வாங்கும் ராஜாங்கமாகிய எனக்கு அவன்மேல் உயிர். கல்வராயன் மலைக் குகையில் அரக்கப் பாம்பை வெட்டிச் சாய்த்தேன். சாகிற நேரத்தில் அது என்னைக் கடித்துவிட்டது. இனி கூட்டாளிகள்தான் காப்பாற்ற வேண்டும் என்றான் அன்சர்.

மருந்து சாதுல்லாவின் குடுவையில் இருந்தது. என் வாயில் ஊற்றினால் போதும். அது அரக்கர்கள் காய்ச்சிய சாராயம் என்று தெரிந்ததும் அந்த மகானுபாவன் தரையில் கொட்டிவிட்டான். கை கழுவக் குகையில் தண்ணீர் உண்டா என்றும் விசாரித்தான்.

அன்சர் இரக்கப்பட்டு, சுவரில் ஒரு தேவி சிலையை வைத்தான். கும்பிட்டால் அமுதம் சுரக்கும். ஆனால் அங்கே நின்றது எங்கள் ஊர்ப் பகுத்தறிவுப் பேச்சாளன் இளஞ்செழியன். சிலைக்குப் பின்னால் குழாயை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தான்.

"ஒனக்காவ உயிர வேணா குடுக்கறேன். கும்பிடு மட்டும் கேக்காத" என்றான்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. விளையாட்டுக்குக்கூட வளையாத கொள்கையை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது என்று இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அன்சர் கடைசியாக ஒரு வழி விட்டான். செத்த பாம்பின் ஈரலைச் சுட்டு நானே தின்றால் விஷம் இறங்கிவிடும். சாதுல்லா ஓடிப்போய் நெருப்பு மூட்டினான். இளஞ்செழியன் ஈரலை அறுத்துப் பக்குவமாகச் சுட்டு நீட்டினான். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"இன்னிக்குப் பொரட்டாசி சனிக்கெழமடா" என்றேன்.

"வேங்கைமாறனுக்கு இன்னாடா பொரட்டாசி?" என்றான் அன்சர்.

"அவனுக்கு இல்ல. மெல்லறது நானாச்சே."

வேங்கைமாறன் செத்தான். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அன்சர் தலையில் அடித்துக்கொண்டான். சாதுல்லாவும் இளஞ்செழியனும் மட்டும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.