படுக்க வைத்து அடித்த கதவு

அந்த வெள்ளி நிறக் காரின் முன்கதவு இரண்டாவது தடவையும் குறை சொல்லப்பட்டுத் திரும்பி வந்தபோது, தங்கச்சிக்குக் கார்க்கார வாத்தியார் மேல் கோபம் வரவில்லை. தன் கை மேல்தான் வந்தது.

வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற அந்தப் பட்டறை அவளுடைய அண்ணனுடையது. அதனால் உதிரிபாகம் கொண்டு வருகிறவர் முதல் எதிர்க்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். ஒன்பது வருடமாக நசுங்கிய பள்ளங்களில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரல் ரேகையே மழுங்கிப் போனவள். ஸ்ப்ரே கன் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை. அதுவும் சும்மா வரவில்லை. ஒற்றைக் காலில் நின்று வாங்கியது. வாங்கியபின் வந்த முதல் பெரிய வேலை இந்தக் கதவு.

கார்க்காரர் கணக்கு வாத்தியார். கோணம் சொல்லிக் கொடுத்தே வயிறு வளர்க்கிற மனுஷன், கோணம் பார்க்காமல் விடுவாரா? காரை வெயிலில் நிறுத்தி, நேரே நின்று பார்த்துவிட்டு, பம்பர் பக்கம் நடந்து போய் அங்கிருந்து திரும்பிப் பார்த்தார்.

"நேரா பாத்தா சரியா இருக்கும்மா. இங்க வந்து பாருங்க, கதவு மட்டும் கறுத்துப் போகுது."

அவள் போய்ப் பார்த்தாள். கறுத்துத்தான் போயிருந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லி அவர் போனார்.

அண்ணனிடம் இதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. வண்டியைக் கழுவி, ஈரம் காயும் முன்னே, பொழுது சாய்கிற நேரத்தில் ஷெட்டுக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிடுவது. ஈரத்தில் எல்லாக் கலரும் ஒரே கலர் என்பது அவருடைய சித்தாந்தம். இத்தனை வருடத்தில் எத்தனையோ சில்வர் வண்டிகளை அப்படித்தான் வழியனுப்பி வைத்திருக்கிறார். ஒரு வேன்காரர் மட்டும் அடுத்த நாள் காலையிலேயே விழித்துக்கொண்டார். நாலு வருடமாக அவர் அண்ணனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அவருடைய வேனின் பக்கக் கதவு இன்றைக்கும் வேறு குடும்பத்துப் பிள்ளை மாதிரி ஒட்டாமல் நிற்கிறது.

மறுநாள் காலை அண்ணன் இந்த வைத்தியத்தை எடுத்ததும் தங்கச்சி முடியாது என்று சொல்லிவிட்டாள். பூசி மெழுகி அனுப்புவதற்கா ஒன்பது வருடம் தேய்த்தோம் என்றிருந்தது அவளுக்கு. அப்படியானால் பக்கத்துத் தெரு பெயிண்டரைக் கூப்பிடுகிறேன், இனி கன் அவன் கையில்தான் என்றார் அண்ணன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை, போனை எடுத்துவிட்டார்.

"இன்னைக்கு நாலு மணி வரைக்கும் குடுங்கண்ணே. வெயில்லயே நிறுத்துறேன். பொருந்தலைன்னா நான் இனிமே கன்னைத் தொடல."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

அண்ணன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சாமான் வாங்கக் கிளம்பிப் போனார்.

அவள் கலரைச் சந்தேகப்பட்டாள். கலவையை முதலிலிருந்து எடை போட்டுக் கலக்கி, சாம்பிள் அட்டைகளில் அடித்தாள். மேஜையில் இரண்டு அட்டை வைத்ததும் இடம் தீர்ந்துவிட்டது. மூன்றாவதைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி அடித்தாள். மூன்றும் காய்ந்ததும் வெளியே கொண்டு போய்க் காரின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேஜை அட்டைகள் இரண்டும் பக்கவாட்டில் பார்த்தால் கறுத்தன. சுவர் அட்டை எந்தப் பக்கம் போனாலும் காரோடு காராகக் கலந்து நின்றது.

ஒரே டப்பா, ஒரே கன், ஒரே கை. ஒன்று நின்றது, மற்றவை படுத்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

சில்வர் பெயிண்டுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அலுமினியத் தூள். படுத்த கதவில் அந்தத் தூளும் சொகுசாகப் படுத்துக்கொள்ளும். நேரே பார்க்கிறவனுக்குப் பளிச்சென்றும், பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இருட்டாகவும் தெரியும். காரின் மற்றக் கதவுகளோ ஃபேக்டரியில் நின்றபடி பெயிண்ட் குடித்தவை. அவள் இரண்டு தடவையும் கதவைக் கழற்றி, மரக்குதிரை என்கிற நாலுகால் தாங்கியின் மேல் படுக்க வைத்துத்தான் அடித்தாள். அண்ணனும் அப்படித்தான் அடிப்பார். ஆனால் அவள் அப்படிச் செய்ததற்கு அண்ணன் காரணமில்லை, பயம்தான் காரணம். கன் பிடித்த முதல் வாரம் ஒரு ஸ்கூட்டர் பாகத்தில் கிளியர், அதாவது கலருக்கு மேல் அடிக்கிற நிறமில்லாத பூச்சு, ஒழுகிவிட்டது. அண்ணன் பத்து நாள் அவளை ஒழுகல் ராணி என்றே கூப்பிட்டார். படுத்த கதவில் பெயிண்ட் ஒழுகாது.

மணி பத்தே கால். இந்தத் தடவை கதவைக் கழற்றாமல், காரில் நின்றபடியே தேய்த்தாள். இரண்டு பக்கமும் கலர் மெல்லக் கரைந்து போவதற்காக முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டரையும் பின்கதவையும் சேர்த்துத் தேய்த்து, மற்ற இடமெல்லாம் பேப்பர் ஒட்டி மூடினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

சில்வர் மூன்று கோட் மெல்லிசாகப் போனது. அடுத்தது கிளியர். முதல் கோட் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதில், கைப்பிடிக்குக் கீழே ஒரு சொட்டு திரண்டு கனத்தது. இந்த இடத்தில் நிறுத்தினால் மேடு, அங்கேயே நின்று அடித்தால் ஒழுகல். அவள் அதைப் பார்க்காமல் விளிம்பை மட்டும் பார்த்து, அதே வேகத்தில் கதவின் கடைசி வரை கையைக் கொண்டு போனாள். திரும்பிப் பார்த்தபோது சொட்டு அங்கேயே பரவி அடங்கியிருந்தது.

பெயிண்ட் காய்வதற்குச் சூட்டு விளக்கைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குக் கார் வெயிலில் நின்றது. அண்ணன் வந்து சேர்ந்திருந்தார்; ஆனால் அருகில் வரவில்லை. வாத்தியார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று சுற்று வந்தார். குத்துக்காலிட்டுப் பார்த்தார். பம்பர் பக்கமிருந்து பார்த்தார். கடைசியில் எழுந்து, ஏமாற்ற முடியாது என்கிற முகத்தோடு ஒரு கதவைத் தொட்டார்.

"இதுல இன்னும் லேசாத் தெரியுதும்மா."

அது காரின் மறுபக்கத்துக் கதவு. யாருமே கை வைக்காதது.

"அது ஃபேக்டரியில அடிச்சது சார்," என்றாள் தங்கச்சி.

வாத்தியார் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு அவரே சிரித்துவிட்டு, முதல் இரண்டு தடவை என்னதான் ஆச்சு என்று கேட்டார். அண்ணன் சட்டென்று முன்னால் வந்து, பெயிண்ட் டப்பாவில்தான் கோளாறு என்று ஆரம்பித்தார். அவள் இடைமறித்தாள்.

"டப்பா மேல தப்பு இல்ல சார். ஒழுகிடும்னு பயந்து நான்தான் கதவைப் படுக்க வச்சு அடிச்சேன். சில்வரை அப்படி அடிச்சா பக்கவாட்டுல கறுக்கும்."

வாத்தியார் தலையாட்டிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் போகவில்லை. கார் தெரு முனை திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, ஷெட்டுக்குள் கிடந்த மரக்குதிரையை நெடுநேரம் பார்த்தார்.

"படுக்க வச்சா மாறும்னு உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னைக்குக் காலையிலதான்."

"எனக்கு இப்பதான்."

பதினெட்டு வருடம் கன் பிடித்தவர் அதைச் சொல்லிவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். தங்கச்சிக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பக்கத்துத் தெரு பெயிண்டருக்குத்தானோ என்று அவள் நினைத்தாள்.

"அந்த வேன்காரனை நாளைக்கு வரச் சொல்றேன்," என்றார். "அவன் போனை எடுத்தா நான் பேசிக்கிறேன். கதவை நீ அடி."