முத்துவேலின் முறை

"தொடாதீங்க சேட்டா!"

ஸ்டூலில் ஏறி மீட்டர் பலகைக்கு முன்னால் நின்ற நாணு, ஃபியூஸில் வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். உசிலம்பட்டியிலிருந்து பஸ் மாறி வந்து, இறந்துகிடந்த புருஷன் முத்துவேலின் காலடியில் உட்கார்ந்ததிலிருந்து அமுதவள்ளி வாயைத் திறக்கவே இல்லை. அழக்கூட இல்லை. "அவள அழ வச்சிருங்கடி, நெஞ்சு அடைச்சுக்கிரும்" என்று வாசலில் பெண்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசப்போகும் முதல் பேச்சு பக்கத்து வீட்டுக்காரனை அதட்டுவதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கூடத்தின் நடுவில் ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியிருந்தது. மட்டாஞ்சேரியின் அந்தச் சந்துக்குள் அதைத் தூக்கிவந்த இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துச் சுவரோரம் நின்றார்கள். மகள் மகா மஸ்கட்டிலிருந்து நாளைக்குத்தான் வந்து சேர முடியும். அதுவரை முத்துவேலைப் பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டு வயரிங் அரதப் பழசு, பெட்டியின் இழுப்பைத் தாங்காது. மீட்டரிலிருந்து நேராகத்தான் வயர் இழுக்க வேண்டும்.

"ஃபியூஸ் கழட்டாம லைன் எடுக்க பற்றில்ல சேச்சி," என்றான் நாணு, பதமாக. "ரெண்டு மினிட்டு போதும். பின்னே கரண்ட் வரும்."

"கரண்டு வரும் சேட்டா. அது வராது."

"ஏது?"

அவள் டிவியைக் காட்டினாள். சாவு வீட்டு வழக்கப்படி அதன்மேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. போர்த்தியவள் முத்துவேலின் அக்கா ஒச்சம்மாள். இடப்பள்ளியில் மகன் வீட்டிலிருந்து முதல் ஆளாக ஓடிவந்தவள், டிவியை மூடினாளே ஒழிய, அதன் கீழே இருந்த சாம்பல் நிறப் பெட்டியைக் கவனிக்கவில்லை. வேட்டியின் ஓரத்துக்குக் கீழே அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முத்துவேலுக்கு யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் சிப்பம் கட்டும் வேலை. சீன ஜாடியோ தேக்கு அலமாரியோ, வைக்கோலும் சாக்கும் சுற்றி அவர் கட்டி அனுப்பினால் எந்தத் தேசத்துக்கும் கீறல் விழாமல் போய்ச் சேரும். மகா கைக்குழந்தையாக இருந்தபோது, யாரோ ஒரு கப்பல்காரர் வீட்டுச் சாமான்களோடு டிவியில் ஆடும் இந்த விளையாட்டுப் பெட்டியும் கடைக்கு வந்தது. பழசிலும் சேர்த்தியில்லை, புதுசிலும் சேர்த்தியில்லை என்று முதலாளி ஒதுக்கியதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு கேசட். அதில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து.

வேறு யாராக இருந்தாலும் கதை புரியவில்லை என்று மூலையில் போட்டிருப்பார்கள். இவர்கள் தாங்களே ஒரு கதையைக் கட்டிக்கொண்டார்கள். முதுகில் பானையைச் சுமந்து ஊர் ஊராகப் போகும் குள்ளன் ஒருவன், அவன் பெயர் கட்டையன். அவனை வழிமறிக்கும் ராஜாவுக்கு வாயெல்லாம் பல், ஆகவே அவன் பல்லழகன். பானையில் இருப்பது பொண்டாட்டிக்கு மருந்து என்பார் முத்துவேல். "பழைய சோறு. ஆம்பள வேற என்னத்தச் சுமப்பான்?" என்பாள் அமுதவள்ளி. இந்த வழக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தீர்ப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அருமையான விளையாட்டு அது. பாதி சண்டை, பாதி தாவல். சண்டையில் அவசரமே கிடையாது. முதலில் உன் முறை, பிறகு எதிரியின் முறை. உன் முறையில் நீ எவ்வளவு நேரம் யோசித்தாலும் அவன் கையை ஓங்காமல் நிற்பான். அவன் அடிக்கும்போதும் ஒரு சூட்சுமம் உண்டு. அடி வந்து விழுகிற அந்த நொடியில் பொத்தானை அமுக்கினால் பாதி அடிதான் விழும். முத்துவேலுக்கு அந்த நொடி தப்பியதே இல்லை. "எந்த நாட்டுக்காரன் செஞ்சானோ, அவன் மனுசன்யா. சண்டையிலகூட மருவாதி வச்சிருக்கான்" என்று மெச்சிக்கொள்வார். அவரும் அப்படித்தான். எதிராளி பேசி முடிக்காமல் பதில் சொல்லி அவரை யாரும் பார்த்ததில்லை.

தாவல்தான் அவருக்கு ஆகாது. கடையில் ஓர் அலமாரி சரிந்து அவருடைய இடது கட்டைவிரலைத் தட்டையாக்கிவிட்டிருந்தது. கட்டையனை ஓடவிட்டுக்கொண்டே தாவவைக்க இரண்டு கட்டைவிரலும் வேண்டும். பள்ளம் வந்தால் "இந்தா புள்ள" என்று கன்ட்ரோலரை வலப்பக்கம் நீட்டுவார். அமுதவள்ளி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்குவாள், தாவுவாள், "இந்தாங்க" என்று இடப்பக்கம் நீட்டிவிட்டு அடுப்புக்குப் போய்விடுவாள். தாவும் வித்தையை அவள் டவுன் பஸ்ஸில் கற்றிருந்தாள். நகர்கிற பஸ்ஸில் ஏறுகிறவள் பஸ்ஸைப் பார்க்க மாட்டாள், காலை வைக்கப்போகிற படியைத்தான் பார்ப்பாள். "எப்படிப் புள்ள தாவுற நீ!" என்று அவர் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே வாயைப் பிளப்பார். பொண்டாட்டியைப் பார்த்து இத்தனை வருஷம் கழித்தும் அதிசயிக்கிற மனிதன் எந்த வீட்டில் இருக்கிறான்? அமுதவள்ளிக்குக் கொடுத்துவைத்திருந்தது.

போன மழைக்காலத்தில் கேசட்டுக்குள் இருந்த பேட்டரி செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு கரண்ட் ஒரு நிமிஷம் போனாலும் அதுவரை ஆடியதெல்லாம் அழிந்து, கட்டையன் மறுபடி முதல் ஊரில் போய் நிற்பான். இங்குள்ள பிராட்வே கடைத்தெருவில் ஒரு கடையில் காட்டியபோது, பிரித்தால் மொத்தமும் போனாலும் போகும் என்றார்கள். முத்துவேல் பிரிக்கச் சம்மதிக்கவில்லை. பொறுமையாக முதலிலிருந்து தொடங்குவார். கடைசிக் கட்டத்தில் உடைந்த பாலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் அங்கே வந்து விழுந்தார்கள், அல்லது அங்கே வந்ததும் கரண்ட் போயிற்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு அவள் ஊருக்குப் போயிருந்தபோது, நேற்றுச் சாயங்காலம் போன் வந்தது.

"புள்ள, பாலத்துக்கு வந்துட்டேன்."

"வந்தா தாண்டுங்க."

"கேலி பண்ணாத. கட்டையனுக்கு உசுரு ஒரு சொட்டுதான் மிச்சம் இருக்கு. விழுந்தா அம்புட்டுத்தான். பெட்டிய அணைக்காம வச்சிருக்கேன், நீ வந்து தாண்டி விடு."

"பஸ்ஸுல வரணுமா, பறந்து வரணுமா?"

"மெதுவா வா. அவன் நிப்பான்."

இன்று காலை கடையில் ஒரு பெட்டியைக் கட்டி முடித்து, சாயா குடிக்க அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அமுதவள்ளி இதையெல்லாம் சொல்லவில்லை. "உள்ள அவுக ஆட்டம் நிக்குது. கரண்டப் புடுங்குனா அழிஞ்சிரும். ஒரே ஒரு தாவு, தாவிட்டுத் தாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒச்சம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். "என்னத்தா பேசுற? எந்தம்பி பொணமா கெடக்கான், நீ பொம்மை வெளையாடப் போறியா? ஊரு காறித் துப்பாது?"

"துப்பட்டும் மதினி."

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஃப்ரீசர்காரர்களில் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாணு இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் ஸ்டூல் மேலேயே நின்றான்.

"அவுக எங்கிட்ட எதையும் கேட்டவுக இல்ல மதினி, ஒங்களுக்குத் தெரியும்," என்றாள் அமுதவள்ளி. "நேத்து கேட்டாக."

"என்ன கேட்டான்?"

"வந்து தாண்டி விடுன்னாக."

ஒச்சம்மாள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். நெஞ்சின்மேல் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு விரல் மட்டும் தட்டையாகத் தெரிந்தது. பிறகு டிவியிடம் போய், தான் போர்த்திய வேட்டியைத் தானே உருவினாள்.

"இதை எப்படிய்யா போடுறது?" என்று நாணுவைக் கேட்டாள்.

நாணு இறங்கிவந்து டிவியைப் போட்டுவிட்டு, மறுபடி ஸ்டூலில் ஏறிக்கொண்டான்.

கட்டையன் நின்றுகொண்டிருந்தான். பாலத்தின் விளிம்பில், முதுகில் பானையோடு, நேற்றிலிருந்து கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். எதிரே பலகைகள் அந்தரத்தில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தன. கீழே கருத்த பள்ளம்.

அமுதவள்ளி தன் வழக்கமான இடத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரம் ஒன்றும் இல்லை.

முதல் பலகை எளிது. இரண்டாவது, காலை வைத்ததுமே சரிந்தது. அவள் நிற்காமல் அடுத்ததற்குத் தாவினாள். வாசலில் யாரோ "அய்யோ" என்றார்கள். நடுவில் ஓரிடத்தில் பலகையே இல்லை. அவள் பள்ளத்தைப் பார்க்கவில்லை, பலகை வரப்போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஊதுபத்திப் புகை மட்டும் அசைந்தது. கீழேயிருந்து பலகையின் நுனி தெரிந்த மாத்திரத்தில் கட்டையன் காற்றில் இருந்தான்.

"எண்டெ அம்மே!" என்றான் நாணு.

கட்டையன் விளிம்பில் விழுந்து, தள்ளாடி, நிமிர்ந்தான். அந்தக் கரை.

ஒச்சம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். திரை ஒருமுறை இருண்டு விரிந்தது. பெரிய மண்டபம், தூண்கள், நடுவில் சிம்மாசனத்தைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான் பல்லழகன். இவ்வளவு பெரியவன் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. எதிரே கட்டையன் பானையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு சொட்டு உயிரோடு கையை மடக்கி நின்றான். கீழே ஜப்பான் எழுத்தில் ஒரு வரி மின்னி மின்னிக் கேட்டது. என்ன செய்யப்போகிறாய்?

இனித் தாவல் இல்லை, சண்டை.

அமுதவள்ளி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கன்ட்ரோலரை இடப்பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க."

கை நீட்டியபடியே நின்றது. நாணு ஃபியூஸில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

ஒச்சம்மாள் மெல்ல வந்து இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். நீட்டிய கையிலிருந்து அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எந்தப் பொத்தானையும் அவள் தொடவில்லை.

திரையில் பல்லழகன் மூச்சு வாங்கியபடி ஆடி ஆடி நின்றான். அடிக்கவில்லை. முறை இன்னும் முத்துவேலுடையதாகத்தான் இருந்தது.