செப்டம்பர் பதினெட்டுக்கு எழுதிய எண்

இரவெல்லாம் வானம் பார்க்கும் ஆய்வகம் அது; அந்த மலையில் காலை உணவு மாலை நான்கு மணிக்கு. யஸ்னா ரொட்டியைத் தொடவில்லை. அவள் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்: இது கோள் அல்ல, நட்சத்திரத்தின் மேலுள்ள கறை காட்டும் பொய்.

ஐந்து வருட வேலை. பூமியைப் போல் நான்கு மடங்கு கனத்த பாறைக் கோள். இருபத்தொரு நாளில் நட்சத்திரத்தைச் சுற்றிவிடும். அந்த இழுப்பில் நட்சத்திரம் மனிதன் நடக்கும் வேகத்தில் நம் பக்கம் வரும், விலகும். அவள் கண்டது அவ்வளவுதான்.

“கட்டுரையைத் திரும்ப வாங்கிடும்மா,” என்றார் பேராசிரியர் அன்செல்மோ. அவளுடைய பணி நீட்டிப்பு அவர் கையில் இருந்தது. “பிடிவாதக்காரங்க யாரும் சாந்தியாகோவுல பேராசிரியர் ஆனதில்ல.”

“நீங்க ஆயிட்டீங்களே, புரொபசர்.”

அவர் சிரிக்கவில்லை.

“கறைன்னா அழியும், வேற இடத்துல முளைக்கும், நாள் தப்பும்,” என்றாள். “கோள் தப்பாது. செப்டம்பர்ல தொலைநோக்கியில மூணு ராத்திரி குடுங்க.”

“பதினேழு, பதினெட்டு, பத்தொன்பதுதான் காலி.”

சிலியின் தேசிய விழா. நாடே இறைச்சி சுட்டு ஆடும் நாட்கள்.

“அதையே குடுங்க.”

தொலைநோக்கியை இயக்கும் விளாதிமிர் கோப்பையை வைத்தார். “பதினெட்டாந்தேதி மலையிலயா? என் மாமியார் என்னைத் தொலைச்சுடுவா.”

“அவங்களோட ஆட வேண்டாம்ல, விளாதிமிர் ஐயா. எனக்கு நன்றி சொல்லுங்க.”

அன்றே மதிப்பீட்டாளருக்கு ஆய்விதழ் வழியாக எழுதினாள்: பதினெட்டாம் தேதி நட்சத்திரம் நம்மை நோக்கி வரும், நொடிக்கு ஒன்றரை மீட்டர். விலகினால், கோள் இல்லை என்று நானே வெளியிடுவேன்.

அதே வரியைச் சாப்பாட்டு அறையில் காற்றின் வேகம் எழுதும் பலகையிலும் எழுதிப் பெயர் போட்டாள்.

“அழிச்சுடு. தப்பாப் போனா ஊரே பார்க்கும்,” என்றார் அன்செல்மோ.

“பார்க்கட்டும்னுதான்.”

இருபதாம் தேதி மாலை நான்கு மணி. விளாதிமிர் பலகை முன் நின்று, பதினெட்டாம் தேதி வந்த அளவைத் தாளிலிருந்து சத்தமாகப் படித்தார். “நம்மை நோக்கி. ஒன்று புள்ளி நாலு.”

அன்செல்மோ பலகையிலிருந்து திரும்பினார். “ஒரு தடவை. தற்செயல்னு சொல்லுவாங்க.”

யஸ்னா எழுந்து பேனாவை எடுத்தாள். பழைய வரிக்குக் கீழே, இருபத்தொரு நாள் தள்ளி எழுதினாள்: அக்டோபர் ஒன்பது. நம்மை நோக்கி. ஒன்றரை.

பிறகு வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள்.