மிதியில் இருந்த கால்

'பிப்ரவரி 12, வியாழன். மாணவியைத் தனியாக அனுப்பும் முன் காற்றின் திசையை இரண்டாம் முறை பார்க்கவில்லை. சின்னத் தவறு.'

விமானப் பயிற்றுநர் தன் குறிப்பேட்டில் அவ்வளவுதான் எழுதினார். பிறகு விபத்து அறிக்கையை இழுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'மாணவியின் கவனக்குறைவு' என்று நிரப்பினார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எல்லோரும் குருவி என்று கூப்பிடும் அந்த மாணவி மேசைக்கு எதிரே நின்றிருந்தாள். காலையில் அவள் தனியாக இறக்கிய விமானம் ஓடுபாதையிலிருந்து இடப்பக்கம் விலகிப் புல்லுக்குள் போய், சக்கர உறை உடைந்துவிட்டது. அவள் மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள். மூன்றாவது வந்தால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

"நாப்பது தடவ என்கூட இறங்கியிருக்க. ஒரு தடவகூட விலகல. தனியா விட்டா மட்டும் உனக்கு என்னம்மா வந்துடுது?"

"தெரியல சார். உங்ககூட வந்தா அதுவா நேரா ஓடும்."

"அதுவா ஓடுமா? அப்ப நீ எதுக்கு, நான் எதுக்கு? ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாமே!"

"நான் போகத்தானே சார் போறேன்."

அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. எரிச்சலோடு எழுந்தார். "வா. உன் தப்ப உனக்கே காட்டறேன்."

மதியம் இன்னொரு விமானத்தில் இருவரும் ஏறினார்கள். காலையில் அடித்த அதே பக்கக் காற்று. சக்கரங்கள் தரையைத் தொட்டதும் மூக்கு இடப்பக்கம் இழுத்தது, உடனே நேரானது.

"சார், நான் மிதிக்கல."

"என்னது?"

"வலது மிதி. நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே இறங்கிடுச்சு."

அவர் குனிந்து பார்த்தார். தன் பக்கத்து வலது மிதியைத் தன் கால்தான் அழுத்திக்கொண்டிருந்தது. விமானத்தின் மூக்கைத் திருப்பும் மிதிகள் இரண்டு இருக்கைகளிலும் உண்டு, அவை இணைந்தவை. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும். பதினெட்டு வருடப் பழக்கம், அவரைக் கேட்காமலே அந்தக் கால் வேலை பார்த்திருக்கிறது. நாற்பது தடவையும் இறக்கியவர் அவர்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று சீறினார்.

"மூணாவது நாளே சொன்னேன் சார். 'வாய மூடிட்டுக் கால்ல கவனம் வை'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் எப்படி சார் வாயத் திறப்பேன்?"

அவருக்கு நினைவு வந்தது. அந்தச் சிரிப்பை அன்று அவர் ரசித்ததும் கூடவே வந்தது.

மாலையில் அவர் திருத்திக் கொடுத்த அறிக்கையைப் பார்த்த தலைமைப் பயிற்றுநருக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கென்னப்பா கிறுக்கா? பழையபடியே இருக்கட்டும். அவ போனா இன்னொரு ஆள் வரும். உன் உரிமத்துக்கு விசாரணைன்னு வந்தா?"

"வரட்டும் சார். தப்பு என்னோடது. அவ கேட்டப்ப வாய அடைச்சதும் நான்தான். கேள்வி கேக்கப் பயப்படற ஆளைத் தனியா மேல அனுப்பினேனே, அதவிடப் பெரிய கவனக்குறைவு என்ன இருக்கு? மேல இருக்கறவன் தன் தப்பக் கீழ இருக்கறவங்க தலையில கட்டிட்டே போனா, அடுத்த விபத்து புல்லோட நிக்காது."

தலைமைப் பயிற்றுநர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். விசாரணை முடியும்வரை எந்த மாணவரையும் தனியாக அனுப்ப இந்தப் பயிற்றுநருக்கு அனுமதி கிடையாது என்றும் அடியில் எழுதினார்.

பயிற்றுநர் வெளியே வந்து, மறுநாள் அட்டவணைப் பலகையில் எழுதினார்:

'வெள்ளி, காலை 6.30. குருவி, என்னுடன். பக்கக் காற்றில் பத்துத் தரையிறக்கம். மிதி முழுக்க அவள் பொறுப்பு.'